சத்தமாக வாசிக்கும் பிள்ளைக்கு என்ன புரிகிறது?

இந்த இரண்டு வாக்கியங்களை வாசியுங்கள்: ‘நேற்று மாலை மூன்று கிளும்புகள் லொடவத்தில் பிசுங்கின. மூத்த கிளும்பு மட்டும் டவரியைச் சொணுத்தியது.’

இப்போது கேள்விகள். எத்தனை கிளும்புகள் பிசுங்கின? அவை எங்கே பிசுங்கின? டவரியைச் சொணுத்தியது எது?

மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டீர்கள். மூன்றுக்கு மூன்று மதிப்பெண். ஆனால் கிளும்பு என்பது விலங்கா, ஆளா, இயந்திரமா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அப்படி ஒரு சொல்லே இல்லை. ‘இல்’ வந்தால் இடம், ‘ஐ’ வந்தால் செயப்படுபொருள் என்ற இலக்கண உணர்வும், கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடும் கண்ணும் சேர்ந்து விடையைத் தந்துவிட்டன. புரிதலுக்கு அங்கே வேலையே இல்லை.

தூத்துக்குடி தெரேஸ்புரத்திலோ மணப்பாட்டிலோ ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று கணீரென்று வாசிக்கிறாள். பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளுக்குச் சரியான வரிகளை எடுத்து எழுதுகிறாள். ‘இந்தக் கதையில் என்னம்மா நடந்தது?’ என்று தமிழில் கேட்டால் விழிக்கிறாள். பிள்ளை சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. கிளும்புகளைப் பற்றி நீங்கள் விடை சொன்ன அதே வழியில்தான் அவளும் சொல்லியிருக்கிறாள். இதை எப்படிச் சரிசெய்வது என்பது பற்றி வாசிப்பு அறிவியல் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் நிறையச் சொல்லியிருக்கிறது.

இதே கரையில் இரண்டு மாணவர்கள்

தூத்துக்குடி அடங்கிய இந்த முத்துக்குளித்துறைக்கு அயல்மொழி கற்கும் சிக்கல் புதிதல்ல. 1542இல் இங்கே வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சேவியர், இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊர் ஊராகப் போய் சிறுவர்களைச் சேர்த்து அவற்றைச் சொல்லிக்கொடுத்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒலி அவருக்கு வந்தது. மொழி கடைசிவரை கைகூடவில்லை.

அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் இதே கரைக்கு வந்தவர் போர்ச்சுக்கீசியரான என்ரிக்கே என்ரிக்கஸ். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்படுபவர். புன்னைக்காயலை மையமாகக் கொண்டு வாழ்ந்த அவர், தனக்குப் பழக்கமான லத்தீன், போர்ச்சுக்கீசிய இலக்கண வாய்பாட்டில் தமிழ்ப் பெயர்களையும் வினைகளையும் அடுக்கினார். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று குறித்தார். 1549 வாக்கில் அது ஓர் இலக்கண நூலாகவே உருவெடுத்தது. கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரோடு வந்தது.

ஒருவர் ஒலியைப் பிடித்தார். மற்றவர் தன் மொழியை அருகில் வைத்துக்கொண்டு புது மொழியின் அமைப்பைப் பிடித்தார், பிறகு அதில் எழுதவும் செய்தார். நம் ஆங்கில வகுப்பறைகளில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. நடக்க வேண்டியது இரண்டாவது.

கூட்டல் அல்ல, பெருக்கல்

1986இல் பிலிப் கோ, வில்லியம் டன்மர் என்ற இரு உளவியலாளர்கள் வாசிப்பை ஒரே வரிச் சமன்பாடாக எழுதினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது இரண்டு திறன்களின் பெருக்குத்தொகை. ஒன்று, எழுத்தைப் பார்த்துச் சொல்லாக்கும் திறன். மற்றொன்று, அதே விஷயத்தை ஒருவர் வாயால் சொன்னால் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன்.

இதில் முக்கியமானது பெருக்கல் குறி. எழுத்துக்கூட்டும் திறன் 0.9, மொழி புரியும் திறன் 0.2 என்று வைத்துக்கொண்டால் விடை 0.18. கணீரென்று வாசித்த பிள்ளையின் நிலை இதுதான். எழுத்துத் திறனை இன்னும் தேய்த்துத் தேய்த்து 1 ஆக்கினாலும் விடை 0.2தான். தாண்டாது. மறுபுறம், ஆங்கிலத்தில் பேசினால் ஓரளவு புரிந்துகொள்ளும், ஆனால் எழுத்தைப் பார்த்தால் திணறும் பிள்ளைக்கு இன்னும் கதை சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அதற்கு எழுத்துப் பயிற்சிதான் வேண்டும். ‘வாசிப்பில் பின்தங்கியவர்’ என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும் பிள்ளைகளுக்குள் இப்படி வேறு வேறு குறைகள் இருக்கின்றன. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பத்தியை முதலில் பிள்ளையை வாசிக்கச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள், இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி அதே மாதிரியான கேள்வி கேளுங்கள். இரண்டிலும் தடுமாறினால் மொழியில் குறை உண்டு. முதலாவதில் மட்டும் தடுமாறினால் குறை எழுத்தில்.

எழுத்தின் கணக்கு

தமிழ் எழுத்து 247 என்றாலும் அது ஒழுங்கான கூட்டம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அவற்றின் குறிகளும் பழகிவிட்டால், இதுவரை கேட்டிராத சொல்லையும் பிள்ளை வாசித்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்து 26தான். ஒலிகளோ சுமார் 44. ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வந்தால் ஒரு சொல்லில் ‘அஃப்’, இன்னொன்றில் ‘ஓ’, வேறொன்றில் ‘ஊ’. தமிழில் வெற்றி பெற்ற பிள்ளை ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறது என்று வியக்க வேண்டியதில்லை.

இன்னொரு இடறலும் உண்டு. தமிழில் ‘க’ ஒரே எழுத்து. ‘கடல்’, ‘சங்கு’, ‘முகம்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதை நம் வாய் தானாகவே முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே பொருளை மாற்றும். ஆட்டைக் குறிக்கும் சொல்லும் மேலங்கியைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘கோட்’ என்றே விழுகின்றன. ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்து வாசிக்கும் பழக்கம் இந்த வேறுபாட்டை அப்படியே அழித்துவிடும். தொண்டையில் இரண்டு விரலை வைத்து, ஒரு ‘கோட்’டுக்கு முதலொலியிலேயே அதிர்வதையும் மற்றதற்கு அதிராததையும் உணரச் செய்தால், ஒரு நிமிடத்தில் பிள்ளைக்குப் பிடிபடும்.

எழுத்துக்கூட்டும் வேகம் ஏன் முக்கியம்? வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. பழகிய ஆங்கில வாசகரின் கண் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொடியில் கால் பங்கு அளவே நிற்கும். ஒரு தாவலில் ஏழெட்டு எழுத்துகளைக் கடக்கும். உளவியலாளர் கீத் ரெய்னர் பல்லாண்டு ஆய்வில் இதை விரிவாக விளக்கினார். அதேநேரம், வாசித்ததைப் பிடித்துவைக்கும் தற்காலிக நினைவு மிகச் சிறிய வள்ளம். நாலைந்து சாமானுக்கு மேல் ஏற்றினால் மூழ்கிவிடும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டியே பிடிக்க வேண்டிய பிள்ளை வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் கைநழுவிப் போயிருக்கும். அதனால்தான் ஒரே சிறிய பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்க வைக்கும் பயிற்சி பலன் தருகிறது. ஆனால் அது வழியைச் சுத்தம் செய்வது மட்டுமே. அந்த வழியில் வர வேண்டியது பொருள்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்களில் ஒருவர் நம் துணைக்கண்டத்தில் வேலை பார்த்தவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படும் பாட்டை நேரில் பார்த்து 1926இல் இருமொழியம் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். பேச்சுக்கு முன்னால் வாசிப்பைப் பிடியுங்கள், கதைப் புத்தகத்தில் புதுச் சொற்களை எண்ணி எண்ணிச் சேருங்கள், ஒரு சொல் வந்தால் அது அடுத்தடுத்துத் திரும்ப வரட்டும் என்பது அவர் வழி. 1953இல் அவர் பெயரில் வந்த அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு சொற்களை அந்தப் பட்டியலே தந்துவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒன்று தெரியாது என்றால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஓட்டை. நியூசிலாந்தின் பால் நேஷனும் அவரோடு ஆய்ந்தவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு கறாரானது: துணையில்லாமல் ஒரு கதையை ஓரளவு நன்றாகப் புரிந்துகொள்ள, நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் கொண்ட பக்கத்தில் தெரியாதவை ஆறுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவுக்கு வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று 2006இல் நேஷன் கணக்கிட்டார்.

நாளைக்கு ஐந்து சொல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு இந்தத் தொகையை எட்ட முடியாது. சொல் ஒட்டிக்கொள்ள, அது வேறு வேறு இடங்களில் பலமுறை எதிர்ப்பட வேண்டும். அதற்குப் பிள்ளை நிறைய வாசிக்க வேண்டும். நிறைய வாசிக்க, புத்தகம் எளிதாக இருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மாங்குபாயும் இதைச் சோதித்தார்கள். பிஜியனும் இந்தியும் வீட்டுமொழியாகக் கொண்ட நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வகுப்பறையில் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். தினமும் கொஞ்ச நேரம் வாசிக்க விட்டார்கள். ஓராண்டில் அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அடுத்த ஆண்டு பார்த்தபோது எழுத்திலும் இலக்கணத்திலும்கூட அந்த முன்னேற்றம் பரவியிருந்தது. இலக்கணம் யாரும் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடலை அறிந்தவர் படித்தால்

சொல் எல்லாம் தெரிந்தும் புரியாமல் போவது உண்டு. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் பதின்பருவத் தொடக்கத்தில் இருந்த 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைக் கொடுத்தார்கள். அதில் நன்றாக வாசிப்பவர்களும் இருந்தார்கள், மோசமாக வாசிப்பவர்களும் இருந்தார்கள். இரண்டு பிரிவிலும் பேஸ்பால் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் உண்டு. ஆட்டம் தெரிந்த ‘மோசமான’ வாசகர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல’ வாசகர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். புரிதல் என்பது எந்தப் பத்திக்கும் ஒரே மாதிரி பொருந்தும் தனித்திறன் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

இந்தக் கரைக்கு அதைக் கொண்டுவருவோம். ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருக்கிறது: ‘பாரிலிருந்து எடுத்துவந்த மாதிரிச் சிப்பிகளை அதிகாரிகள் பார்த்தார்கள். அந்த ஆண்டு முத்துக்குளிப்பு இல்லை என்று அறிவித்தார்கள். ஊரைவிட்டுத் தோணிகள் கிளம்பவில்லை.’ ஏன் குளிப்பு இல்லை? பத்தியில் காரணம் எழுதப்படவில்லை. பார் என்றால் கடலடியில் சிப்பி பற்றி வளரும் பாறைத் திட்டு என்று தெரிந்த பிள்ளை, சங்கு குளிக்கப் போகும் பெரியப்பாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ‘சிப்பி சின்னதா இருந்திருக்கும், இல்லாட்டி குறைவா இருந்திருக்கும்’ என்று சொல்லிவிடும். சிப்பி முதிர்ந்து போதுமான அளவில் இருந்தால்தான் அரசு குளிப்பை அறிவிக்கும் என்ற பழைய நடைமுறையை அது தானாகவே எட்டிப் பிடித்துவிட்டது. எழுதியவர் விட்டுவைத்த இடைவெளியைத் தன் அறிவால் நிரப்புவதுதான் புரிதல். ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் பெருநகரப் பிள்ளை இங்கே நின்றுவிடும்.

இந்தக் கரையின் பிள்ளைக்குக் கச்சானும் வாடையும் கொண்டலும் தெரியும். உப்பளத்தில் பாத்தி எப்போது உப்பாகும், எந்த மழை அதைக் கரைத்துவிடும் என்று தெரியும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குவதையும் சரக்குப் பெட்டகம் ஏறுவதையும் பார்த்திருக்கும். இவற்றைப் பற்றிய எளிய ஆங்கிலப் பத்திகளில் தொடங்கினால், பிள்ளையின் வேலை பாதியாகக் குறைகிறது. புதிதாகக் கற்க வேண்டியது மொழி மட்டும்தான். பிறகு அங்கிருந்து பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. தெரிந்த விஷயம் சில நேரம் பத்தியை வாசிக்கவிடாமலும் செய்யும். சிப்பிக்குள் மணல் போனால் முத்து உண்டாகும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சிப்பியின் மேலுறைத் திசுவின் செல்கள் உடலுக்குள் இடம்பெயர்ந்து பையாகி, அதற்குள் சுண்ணப் படலம் அடுக்கடுக்காகப் படிவதால் முத்து விளைகிறது என்று பத்தி சொன்னாலும், பிள்ளை ‘மணல்’ என்றே எழுதிவிடும். தூத்துக்குடியில் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் முத்து வளர்த்துக் காட்டியதும் இந்தத் திசு நுட்பத்தில்தான். ஆகவே நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘எனக்குத் தெரிந்தது’, வலப்பக்கம் ‘பத்தி சொல்வது’ என்று இரண்டையும் பிரித்து எழுதப் பழக்க வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது.

நேர் எதிராக ஓடும் வாக்கியம்

‘முதலில் மேலே வந்த குளியாளியிடம் சிப்பி இல்லை.’ தமிழில் விளக்கம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். ஆங்கிலத்தில் ஆள் முதலில்: ‘தி டைவர் ஹூ கேம் அப் ஃபர்ஸ்ட் ஹேட் நோ ஷெல்ஸ்.’ தமிழ் வழியில் வாசிக்கும் பிள்ளை ‘ஃபர்ஸ்ட் ஹேட் நோ ஷெல்ஸ்’ என்பதை ஒரு துண்டாகப் பிடித்து, ‘முதலில் சிப்பி இல்லை, பிறகு கிடைத்தது’ என்று புரிந்துகொள்ளும். வினை எங்கே, யார் செய்தது, விளக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் சாய்கோடு போட்டுப் பிரித்துக் காட்டினால் போதும். என்ரிக்கஸ் தமிழுக்குச் செய்ததைத்தான் நாம் ஆங்கிலத்துக்குச் செய்கிறோம்: இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

ரயில் அட்டவணையும் கப்பல் பட்டியலும்

ஆங்கிலம் கற்பிப்பதில் தமிழ்நாடு பெரிய சோதனைகளைப் பார்த்த மாநிலம். 1959 வாக்கில் தொடங்கிய சென்னை ஆங்கிலக் கற்பித்தல் இயக்கம் 27,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கக் கிளம்பியது. பயிற்சி பெற்றவர்கள் அடுத்தவர்களைப் பயிற்றுவிக்க, அவர்கள் அதற்கடுத்தவர்களை என்று பெருகும் திட்டம். கற்பித்தது வாக்கிய அமைப்புகள்; ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் சொல்லிப் பழகுவது. வாக்கியம் வாயில் ஏறியது; தேவைப்பட்ட இடத்தில் வெளியே வரவில்லை என்று பல ஆசிரியர்களே உணர்ந்தார்கள்.

அந்தக் குறையிலிருந்து கிளம்பியவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலான ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவரும் உடன் ஆசிரியர்களும் வேறொரு வழியில் பாடம் நடத்தினார்கள். மொழியைப் பாடமாக வைக்கவில்லை. ஒரு கணக்கை, ஒரு புதிரை வைத்தார்கள். ரயில் அட்டவணையைக் கொடுத்து, ‘இத்தனை மணிக்குள் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்?’ என்று கேட்டார்கள். வரைபடம் தந்து வழி கேட்டார்கள். விடை கண்டுபிடிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தை வாசித்தே ஆக வேண்டும். எந்த வரியையும் அப்படியே எடுத்து எழுத முடியாது. பிறகு நடந்த மதிப்பீட்டில், இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்தின. மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. எதைப் பழக்கினோமோ அது வந்தது. உலகம் முழுக்க இன்று ‘பணிவழிக் கற்பித்தல்’ என்று பேசப்படும் முறைக்கு ஒரு முக்கிய ஊற்று தென்னிந்தியாவின் இந்த வகுப்பறைகள்.

தூத்துக்குடியில் இதற்குச் சரக்குப் பஞ்சமில்லை. முத்துநகர் விரைவு வண்டியின் நேரம், வாஞ்சி மணியாச்சியில் வண்டி மாறும் கணக்கு, துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் எந்தச் சரக்கோடு நிற்கிறது என்ற பட்டியல். கப்பலின் டிராஃப்ட், அதாவது அது நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவு, 11 மீட்டர், தளத்தின் ஆழம் 10 மீட்டர் என்று இரண்டு வரி இருந்தால், ‘இந்தக் கப்பல் இங்கே கட்ட முடியுமா, ஏன்?’ என்று கேட்கலாம். இரண்டு தகவலைச் சேர்த்து யோசித்தால் ஒழிய விடை வராது. ஆண்டுத் தேர்வின் வினாத்தாளிலும் இத்தகைய கேள்வி ஒன்றிரண்டு இடம்பெற்றால் வகுப்பறை தானாக மாறும். தேர்வில் வராததைக் கற்பிக்க எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

நால்வராகச் சேர்ந்து வாசிப்பது

1984இல் ஆன்மேரி பாலின்க்ஸாரும் ஆன் பிரவுனும் இன்னொரு முறையைச் சோதித்தார்கள். வாசிக்கத் தெரிந்தும் புரியாமல் இருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்து நான்கு வேலை கொடுத்தார்கள்: ஒரு பத்தி முடிந்ததும் அதைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியர் ஆவார்கள். சில வாரங்களில் புரிதல் நன்றாகவே உயர்ந்தது. நல்ல வாசகர் மனதுக்குள் செய்வதை வெளியே இழுத்து, எல்லோரும் பார்க்கும்படி செய்ததுதான் இதன் ரகசியம்.

நம் வகுப்பில் இதைத் தமிழிலேயே தொடங்கலாம். பத்தி ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். இதைக் குற்றமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், சுருக்குவது, ஊகிப்பது, காரணம் தேடுவது போன்ற திறன்கள் ஒரு மொழியில் ஊன்றினால் மற்ற மொழிக்கும் கடக்கும் என்று 1979 முதல் சொல்லிவருகிறார். அன்றாடப் பேச்சு ஆங்கிலம் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதும் அவர் கண்டது. அது நாளெல்லாம் ஆங்கிலத்தில் மிதக்கும் ஊரின் கணக்கு. நாளுக்கு ஒரு பீரியட் மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு இன்னும் நாள் பிடிக்கும் என்பதைப் பெற்றோரும் தலைமையாசிரியரும் மனதில் கொள்ள வேண்டும்.

எழுத்து, புரிதலின் மறுபக்கம்

ஸ்டீவ் கிரஹாம், மைக்கேல் ஹெபர்ட் இருவரும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வந்த முடிவு இது: படித்ததைப் பற்றி எழுதும் பிள்ளை, படித்ததை மேலும் நன்றாகப் புரிந்துகொள்கிறது. குறிப்பெடுப்பது, சுருக்கி எழுதுவது, தானே கேள்வி தயாரிப்பது எல்லாம் இதில் அடங்கும். எழுதும்போது மங்கலாகப் புரிந்த இடம் அம்பலமாகிவிடும், பேனா நின்றுவிடும்.

ஆனால் ‘முத்துக்குளிப்பு பற்றி ஒரு பக்கம் எழுது’ என்றால் பிள்ளை திகைக்கும். லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும், எழுதுபவர்களைச் சத்தமாக யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, 1981இல் காட்டியது: என்ன சொல்வது என்று திட்டமிடுவது, அதை வாக்கியமாக்குவது, திரும்பப் பார்த்துத் திருத்துவது ஆகிய மூன்றுக்கும் இடையே மனம் ஓயாமல் போய்வருகிறது. அயல்மொழியில் எழுதும் பிள்ளை, வாக்கியமாக்கும் வேலையிலேயே மூச்சடைத்துப் போகிறது. எனவே வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். என்ன சொல்வது என்பதைத் தமிழில் பேசி முடிவு செய்யட்டும். பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். பிறகு அவற்றை இணைப்பது.

‘தி டைவர் டுக் எ டீப் பிரெத். ஹி ஹெல்ட் தி ஸ்டோன். ஹி வென்ட் டவுன்.’ மூச்சை இழுத்தான், கல்லைப் பிடித்தான், இறங்கினான். இந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொன்னால் ஒரு பிள்ளை ‘அண்ட்’ போட்டுச் சேர்க்கும், இன்னொன்று ‘ஆஃப்டர்’ போட்டுத் தொடங்கும், மூன்றாவது ‘ஹோல்டிங் தி ஸ்டோன்’ என்று கல்லை நடுவில் கொண்டுவரும். தமிழில் நாம் ‘இழுத்து, பிடித்து, இறங்கினான்’ என்று எச்சங்களால் செய்வதை ஆங்கிலம் வேறு வழிகளில் செய்கிறது என்பது பிடிபடும். வாக்கிய இணைப்புப் பயிற்சி பிள்ளைகளின் எழுத்தை மேம்படுத்துகிறது என்பதற்குப் பல ஆய்வுகளின் ஆதரவு உண்டு. பக்கம் முழுவதும் சிவப்பு மையில் திருத்தித் தருவதைவிட, ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் குறித்து, பிள்ளையையே திருத்தச் சொல்வது அதிகம் ஒட்டும்.

தெளிவாக எழுதுவதும் பேசுவதும் உயிர்ப் பிரச்சினை ஆகும் இடம் ஒன்று இந்த ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. கடலில் கப்பல்கள் பேசிக்கொள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஒரு திட்டமான ஆங்கிலத் தொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. வேறு வேறு தாய்மொழி கொண்ட மாலுமிகள் ஒரே கப்பலில் இருப்பதால், அங்கே அழகான ஆங்கிலத்துக்கு இடமில்லை. கப்பல் வழிக்குள் நுழைய ‘மே ஐ என்டர் தி ஃபேர்வே?’ என்று கேட்கக் கூடாது; அது கேள்வியா, அனுமதியா, சாத்தியமா என்ற குழப்பம் வரும். முதலில் ‘கொஸ்டின்’ என்று அறிவித்துவிட்டு, ‘எனக்கு அனுமதி உண்டா?’ என்று நேராகக் கேட்க வேண்டும். எச்சரிக்கை என்றால் ‘வார்னிங்’, தகவல் என்றால் ‘இன்ஃபர்மேஷன்’ என்று முன்னால் சொல்லிவிட்டே செய்தி. சொல்வது எந்த வகை என்று சொல்பவருக்கே முதலில் தெளிவு வேண்டும் என்ற இந்தப் பாடம், எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதும் விடுப்புக் கடிதத்துக்கும் பொருந்தும்.

வாசிப்பும் எழுத்தும் இரு மொழியிலும் ஒன்றுசேரும் இடம் மொழிபெயர்ப்பு. தூத்துக்குடிப் பள்ளிகளில் படித்த வ.உ. சிதம்பரனார், ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ 1909இல் வந்தது. அவர் அப்போது சிறையில். ‘அகமே புறம்’ 1914இல் வந்தது. ஒரு பத்தியை மொழிபெயர்ப்பவர் எந்த வரியையும் தாண்டிப் போக முடியாது. மழுப்பினால் தமிழில் தெரிந்துவிடும். வாரத்துக்கு நான்கு வரியை மொழிபெயர்ப்பது, அடுத்த வாரம் மூலத்தைப் பார்க்காமல் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவது, பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவது என்று செய்தால், சொல், அமைப்பு, புரிதல், எழுத்து நான்கும் ஒரே பயிற்சியில் அடங்கும்.

இவ்வளவிலும் வீட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ‘எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்க என்ன சொல்லிக்கொடுக்க?’ என்று ஒதுங்கும் பெற்றோர் நம் ஊரில் அதிகம். சாயங்காலம் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும்: இதில் என்ன சொல்லியிருக்கு? ஏன் அப்படி நடந்தது? அது உனக்கு எப்படித் தெரியும், எந்த வரியில் இருக்கு? பிள்ளை தமிழில் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. திணறினால், எந்த வரியில் திணறியது என்பதைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள். மறுநாள் ஆசிரியர் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தப் புள்ளியே சொல்லிவிடும்.